பிரான்ஸ் லோங் ஸ்டே விசா எடுத்துத் தருகிறோம் என்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள்!

லண்டனில் இருக்கிற எங்கள் ஆட்கள், முக்கியமாக ஓய்வு பெற்ற பிறகு மோட்டார்ஹோம் (படுக்கை, சமையல் வசதியுள்ள வான்) வாங்கி ஐரோப்பா சுற்றலாம் என்று நினைப்பவர்கள், தயவுசெய்து இதை முழுக்க வாசியுங்கள். பிரான்ஸ் விசா எடுத்துத் தருகிறேன் என்ற ஒரு ஏஜென்டிடம் 1,340 பவுண்ட் போய்விட்டது. நேற்று வங்கியும் கையை விரித்துவிட்டது. எழுதும்போதே கை நடுங்குகிறது, அவ்வளவு ஆத்திரம். எப்படி ஏமாற்றினான் என்பதைச் சொல்லிவிட்டு, நீங்கள் என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு முதலில் இது. 2021 ஜனவரி 1 தொடக்கம் பிரித்தானியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசா எல்லைக்குள் இருக்கிற ஐரோப்பிய நாடுகளில்) எந்த 180 நாட்களை எடுத்தாலும் அதற்குள் 90 நாட்களுக்கு மேல் விசா இல்லாமல் தங்க முடியாது. பிரான்ஸில் 90, ஸ்பெயினில் இன்னொரு 90 என்ற கதையே இல்லை. 29 நாடுகளுக்கும் சேர்த்து ஒரே 90. உள்ளே போகிற நாளும் வெளியே வருகிற நாளும் அதில் சேரும். நாங்கள் ஆசைப்பட்டது ஏப்ரலில் போர்ட்ஸ்மத்தில் கப்பல் ஏறி, சென் மாலோவில் இறங்கி, அத்திலாந்திக் கரையோரமாகவே பிரனீஸ் மலை வரை மெதுவாகப் போய், செப்டம்பரில் திரும்புவதற்கு. இடையில் பாரிஸ் பக்கம் லா கூர்னேவில் இருக்கிற மனைவியின் தங்கை வீட்டிலும் கொஞ்ச நாள் நிற்கலாம். இதற்கு 90 நாள் போதாது. பிரான்ஸின் நீண்டகால விசா வேண்டும். வருகையாளர் என்ற பிரிவில், வேலை செய்ய மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால், ஆறு மாதம் வரை தங்குவதற்கு ஒன்று இருக்கிறது.

அப்போதுதான் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது. வெளிநாட்டுக்குக் காசு அனுப்பும் கடையின் மாடியில் ஒரு சின்ன அறை. விசா ஃபோர்ம் நிரப்பிக் கொடுப்பது, டிக்கெட் போடுவது எல்லாம் செய்கிற இடம். பெயர் எழுதவில்லை, இப்படிப்பட்ட இடங்கள் எத்தனையோ இருக்கின்றன.

போனவுடன் தேத்தண்ணி வந்தது. மனைவி படியேறக் கஷ்டப்பட்டதைப் பார்த்துவிட்டு, அங்கே இருந்த ஏஜென்ட், “அக்கா, அடுத்த முறை கீழேயே இருங்கோ, நான் இறங்கி வாறன்” என்றான். மேசை லாச்சியைத் திறந்து யாருடையதோ பாஸ்போர்ட் ஒன்றை எடுத்து, பிரெஞ்சு விசா ஸ்டிக்கர் ஒட்டிய பக்கத்தை விரித்து, பெயரைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு, திகதிகளைப் பேனாவால் தொட்டுத் தொட்டுக் காட்டினான். “இவையும் உங்களை மாதிரி வான் வச்சிருக்கிற ஆக்கள்தான். அண்ணை, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. உங்கட ஃபைல் என்ர பொறுப்பு.” எங்கள் மொழியில், எங்கள் ஊர்ப் பேச்சில், இவ்வளவு அன்பாக ஒருவன் சொல்லும்போது யார்தான் நம்ப மாட்டார்கள்?

இருவருக்கும் சேர்த்து 1,340 பவுண்ட். விசாக் கட்டணம், அப்பொயின்ட்மென்ட், இன்சூரன்ஸ், காம்பிங் இடங்களின் புக்கிங், ‘ஃபைல் வேலை’ எல்லாம் அடக்கம் என்றான். கார்ட் மெஷின் பழுது, பேங்க் ட்ரான்ஸ்ஃபர் பண்ணுங்கோ என்றான். பண்ணினேன்.

நவம்பரிலேயே ஃபைல் உள்ளே போய்விட்டது என்று மெசேஜ் அனுப்பினான். பச்சைப் பொய். பயணத்துக்கு மூன்று மாதத்துக்கு முன்னர் விண்ணப்பத்தை ஏற்கவே மாட்டார்கள். பிப்ரவரியில் ஒரு அப்பொயின்ட்மென்ட் காகிதம் வந்தது. எல்லாக் காகிதங்களையும் கோர்த்துக்கொண்டு லண்டன் விசா மையத்துக்குப் போனோம். கவுண்டரில் இருந்த பெண் எண்ணைத் தட்டிப் பார்த்தாள். திரும்பத் தட்டினாள். பிறகு காகிதத்தை எங்கள் பக்கம் திருப்பி, இந்த எண் உங்கள் பெயரில் இல்லை என்றாள். அவள் விரல் வைத்த இடத்தில் பார்த்தால், திகதியும் எங்கள் பெயரும் மட்டும் மற்ற எழுத்துகளைவிடக் கொஞ்சம் தடிப்பு. வேறு யாருடைய காகிதத்திலோ எங்கள் பெயரை ஏற்றியிருக்கிறான். மனைவி அங்கேயே ஒரு கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அதன் பிறகு நடந்ததுதான் பெரிய கொடுமை. முதல் நாள், “சிஸ்டம் பிழை அண்ணை.” பிறகு, “பெடியன் லீவில நிக்கிறான், வந்தோன்ன பாக்கிறன்.” அதற்கடுத்த கிழமை, காசு பாரிஸுக்குப் போய்விட்டது, அங்கேயிருந்து வர வேண்டும் என்றான். விசாக் கட்டணம் ஒரு ஆளுக்கு 99 யூரோ. அதையே கட்டாதவன் பாரிஸுக்கு எதை அனுப்பினான்? நேரில் போனால் அறை பூட்டு. கீழே கடைக்காரர், எங்களுக்கும் மேலே இருப்பவருக்கும் சம்பந்தமில்லை என்கிறார்.

கடைசியாக ஃபோனை எடுத்தவன் சொன்னதைக் கேளுங்கள். “அண்ணை, விசாவை விடுங்கோ. பேசாமப் போங்கோ. 90 நாள் முடிய ஒருக்கா டோவருக்கு வந்திட்டுத் திரும்பிப் போனால் புதுசா 90 நாள் கிடைக்கும்.” கிடைக்காது! 180 நாள் கணக்கு ஒவ்வொரு நாளும் பின்னோக்கிப் பார்க்கிற கணக்கு. இங்கிலாந்துத் துறைமுகமான டோவரைத் தொட்டுவிட்டு வந்தால் அது பூச்சியத்திலிருந்து தொடங்காது. முன்பு பாஸ்போர்ட்டில் முத்திரை பார்த்து எண்ணினார்கள். 2025 அக்டோபர் 12இல் தொடங்கிய இ.இ.எஸ். என்ற எல்லைப் பதிவு முறையில் முகமும் விரல் அடையாளமும் பதிவாகிறது, நாள் கணக்கைக் கணினியே சொல்லிவிடும். தாண்டினால் அபராதம் வரலாம், மறுபடி நுழையத் தடையும் வரலாம். எங்கள் 1,340 பவுண்டை விழுங்கியது போதாதென்று எங்களைக் குற்றவாளியாகவும் ஆக்கப் பார்த்தான்.

வங்கிக்கு எழுதினேன். ஏமாற்றப்பட்டு ட்ரான்ஸ்ஃபர் செய்தவர்களுக்கு வங்கி காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 2024 அக்டோபர் 7 முதல் விதி இருக்கிறது, 85,000 பவுண்ட் வரை. ஆனால் அந்த ஆளுக்கு அலுவலகம் இருக்கிறது, ஏதோ காகிதம் தந்திருக்கிறார், ஆகவே இது மோசடி அல்ல, உங்களுக்கும் அவருக்கும் இடையிலான தகராறு என்று பதில் வந்திருக்கிறது. போலிக் காகிதம் தருவது மோசடி இல்லையாம்! வங்கியிடம் முறைப்பாடு போட்டுவிட்டேன், சரிவராவிட்டால் வங்கிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கிற ஃபினான்ஷியல் ஒம்புட்ஸ்மனிடம் போவேன். பிரித்தானியக் குடிவரவுக்கு ஆலோசனை சொல்பவர்கள், வழக்கறிஞர்கள் இல்லையென்றால், அரசில் பதிந்திருக்க வேண்டும். பிரான்ஸ் விசாவுக்கு ஃபோர்ம் நிரப்புகிறவனுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. இந்த ஓட்டைக்குள்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

கென்டில் ஒரு காம்பிங்கில் சந்தித்த வெள்ளைக்காரத் தம்பதி இதே விசாவைத் தாங்களே எடுத்திருக்கிறார்கள். பிரான்ஸ் அரசின் விசாத் தளத்தில் ஃபோர்மை நிரப்பி, அங்கேயிருந்தே மையத்தில் நாள் எடுத்து, வருமானம், தங்குமிடம், முழுக் காலத்துக்குமான மருத்துவ இன்சூரன்ஸ் மூன்றுக்கும் காகிதம் கொடுத்திருக்கிறார்கள். ஏஜென்ட் யாருமே இல்லை.

சரி, கவனிக்க வேண்டியவை. விரல் அடையாளம் கொடுக்க நீங்கள் நேரில் போயே ஆக வேண்டும், அதை யாரும் உங்களுக்காகச் செய்ய முடியாது. அப்பொயின்ட்மென்ட் உங்கள் சொந்த இமெயிலுக்கு வராவிட்டால் நம்பாதீர்கள். ட்ரான்ஸ்ஃபர் வேண்டாம், 100 பவுண்டுக்கு மேல் என்றால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், கார்ட் கம்பனியையும் பொறுப்பாக்குகிற செக்ஷன் 75 என்ற சட்டப் பிரிவு காப்பாற்றும். வண்டி இன்சூரன்ஸ் வெளிநாட்டில் எத்தனை நாள் செல்லும் என்று கேளுங்கள், பலவற்றில் 90 நாள்தான். பிரான்ஸ் விசா பிரான்ஸுக்குத்தான், ஸ்பெயினுக்குள் நுழைந்தால் அங்கே 90 நாள் கணக்கு ஓடும்.

அந்த விளம்பரம் இன்றைக்குக் காலையிலும் எங்கள் ஊர்ச் சங்கக் குரூப்பில் வந்தது, அதே நம்பர். உங்களுக்கு வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள், குரூப் அட்மினிடம் சொல்லி எடுக்கப் பண்ணுங்கள்.