சரவாங்கிக்கு ‘மூன்றே நாள்’ பொடி: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

முடக்குவாதம் உள்ளவர்களுக்கும் அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கும் இந்தப் பதிவு. மூட்டுகள் வீங்கி விறைத்துப்போகும் நோய் இது. ஊர்ப்பக்கம் சரவாங்கி என்பார்கள், டாக்டர் சீட்டில் ஆர்.ஏ. (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) என்று இருக்கும். “ஒரு மண்டலம் சாப்பிட்டால் வேரோடு போய்விடும், பக்க விளைவே கிடையாது” என்று சொல்லி ஒரு பொடி கூரியரில் வீடு தேடி வருகிறது. அதைச் சாப்பிட்டு முகம் ஊதி, சர்க்கரை ஏறி, கடைசியில் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்திருக்கிறேன். விற்றவர்களின் பெயரைப் போடவில்லை. போட்டும் பயனில்லை, அதற்குள் வேறு பெயருக்கு மாறிவிட்டார்கள். அவர்கள் வேலை செய்யும் விதம் மட்டும் மாறாது. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் திண்டுக்கல்லில் ஒரு பத்திர எழுத்தரிடம் டைப்பிங் வேலை பார்க்கிறேன். நோய் வந்து சில வருடங்கள் ஆகின்றன. நோயை அடக்கி வைக்க வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்சேட், மறுநாள் ஃபோலிக் ஆசிட், தினமும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்று போய்க்கொண்டிருந்தது. பெரும்பாலும் அடங்கித்தான் இருக்கும். ஆனால் இந்த நோய் இருப்பவர்களுக்குத் தெரியும், நன்றாக இருக்கும்போதே திடீரென்று ஒருநாள் கிளம்பும். காலையில் எழுந்தால் விரல் மடங்காது. பால் பாக்கெட்டை வெட்டலாம் என்றால் கத்தரிக்கோல் வளையத்துக்குள் வீங்கின விரல் நுழையாது. டம்ளரை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கித் தூக்க வேண்டும். ஜாக்கெட் கொக்கி மாட்ட மகளைக் கூப்பிட வேண்டும். ஒன்பது, பத்து மணிக்கு மேல் கொஞ்சம் இளகும். அதற்குள் ஆபீஸுக்கு நேரமாகிவிடும்.

அப்படி ஒரு வாரம் விடாமல் வலித்தபோதுதான் பக்கத்து வீட்டு அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ காட்டினார். படுக்கையில் கிடந்த ஒருவர் எழுந்து மாடிப்படி ஏறுகிறார். கீழே ஒரு நம்பர். டாக்டரிடம் அடுத்த தேதிக்கு இன்னும் நாள் கிடந்தது. கூப்பிட்டேன்.

பேசியவர் கெட்டிக்காரர். எடுத்ததும் விலை சொல்லவில்லை. “ஈ.எஸ்.ஆர். எவ்வளவும்மா இருக்கு? ஆன்டி சிசிபி எடுத்தீங்களா?” என்று கேட்டார். இரண்டும் இந்த நோய்க்கு எடுக்கும் ரத்தப் பரிசோதனைகள். ரிப்போர்ட்டையும் இரண்டு கை போட்டோவையும் அனுப்பச் சொன்னார். ரிப்போர்ட்டைப் படிக்கத் தெரிந்தவர் என்று நமக்கு ஒரு நம்பிக்கை வருமல்லவா, அதற்குத்தான் அந்தக் கேள்வி. அப்புறம் “வைத்தியர் ஐயா” லைனுக்கு வந்தார். ஏழு தலைமுறை, கொல்லிமலை மூலிகை, புடம் போட்ட மருந்து, எல்லாம் சொன்னார். பதிவு எண் கேட்டதற்கு, “பரம்பரை வைத்தியருக்கு எதுக்கும்மா நம்பர்?” என்று சிரித்தார். ஒரு மண்டலத்துக்கு, அதாவது 48 நாளுக்கு, 4,800 ரூபாய். பார்சலைக் கையில் வாங்கும்போது கொடுத்தால் போதும் என்றார்கள்.

வந்த பார்சலில் அகத்தியர் படம் ஒட்டிய ஒரு டப்பா. உள்ளே கருஞ்சிவப்புப் பொடி. தனியாக ஒரு சின்ன டப்பாவில் காப்ஸ்யூல். என்ன சரக்கு, யார் தயாரித்தது, லைசென்ஸ் எண், தொகுதி எண், தேதி ஒன்றும் கிடையாது. ஒரு துண்டுச் சீட்டில் சாப்பிடும் முறை மட்டும் கையால் எழுதியிருந்தது. அதில் இரண்டு வரிக்கு அடிக்கோடு போட்டிருந்தார்கள். ஒன்று, “வெறும் வயிற்றில் சாப்பிடவே கூடாது.” இன்னொன்று, “திடீரென்று நிறுத்தக் கூடாது.” பின்னால் மதுரை டாக்டர் அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதை மூலிகைக்கு எழுத மாட்டாங்கம்மா. ஸ்டீராய்டுக்கும் வலி மாத்திரைக்கும் நாங்க எழுதுற வரி இது. போட்டவனுக்கு என்ன போட்டிருக்கோம்னு தெரிஞ்சிருக்கு” என்றார்.

மூன்றாம் நாள் வலி போய்விட்டது. சும்மா சொல்லவில்லை, சுத்தமாகப் போய்விட்டது. விரலை மடக்கிப் பார்த்தேன், மடங்கியது. சப்பாத்தி மாவு பிசைந்தேன். மனசு நிறைந்து அந்த நம்பருக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன், “ஐயா, நீங்க நல்லா இருக்கணும்” என்று. இந்த வாய்ஸைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒரு விஷயம். 1948-இல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற டாக்டர், முடக்குவாதத்தால் நடக்கவே முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்கு கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாளிலேயே அந்தப் பெண் எழுந்து நடந்தார். உலகமே அதிசயித்தது. 1950-இல் ஹென்ச்சுக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்தக் கார்ட்டிசோன் ஸ்டீராய்டு வகை, வீக்கத்தையும் வலியையும் வேகமாக அடக்கும் மருந்து. நோயைத் தீர்க்காது என்பதும், அதிக அளவில் நாள்கணக்கில் கொடுத்தால் உடம்பை என்ன பாடு படுத்தும் என்பதும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஆக, மூன்றே நாளில் எழுந்து நடக்கவைக்கும் வித்தை ஒன்றும் ஏழு தலைமுறை ரகசியம் இல்லை. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறது. அதை இடித்துப் பொடியில் கலந்துவிட்டால் வேலை முடிந்தது. வெறும் 0.75 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் டாக்டர்கள் வழக்கமாக எழுதும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டில் 5 மில்லிகிராமுக்குச் சமம். ஒரு சிட்டிகைப் பொடியில் எவ்வளவு விழுந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? இது நம் ஊர்க்கூத்து மட்டுமில்லை. 2022-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்.டி.ஏ., மூட்டுவலிக்கு ‘இயற்கை’ என்று விற்ற ஆர்ட்ரி கிங் வகை மாத்திரைகளில் டெக்ஸாமெத்தசோனும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தும் ஒளிந்திருப்பதாக எச்சரித்தது.

என் கதைக்கு வருகிறேன். பசி அடங்கவில்லை. ராத்திரி தூக்கம் இல்லை, ஆனாலும் களைப்பு தெரியவில்லை. கன்னம் உப்பியது. தெருவில் எல்லோரும், “உடம்பு தேறிட்டியே, முகத்துல களை வந்துருச்சு” என்றார்கள். அது களை இல்லை. ஸ்டீராய்டால் முகம் உருண்டு ஊதுவதை டாக்டர்கள் நிலவு முகம் என்று சொல்வார்களே, அது. இதற்கிடையே “வைத்தியர் ஐயா” போன் செய்து, “ரெண்டு மருந்தும் ஒண்ணோட ஒண்ணு மோதும், இங்கிலீஷ் மருந்தை நிறுத்திடுங்க” என்றார். நோயின் வேகத்தைப் பிடித்து வைத்திருந்ததே மெத்தோட்ரெக்சேட்தான். அதை விட்டால் நோய் பாட்டுக்கு மூட்டை உள்ளே அரித்துக்கொண்டே போகும். பொடி வலியை மூடி வைத்திருப்பதால் அது நமக்குத் தெரியாது. எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். பணம் போனால் சம்பாதிக்கலாம், அரித்த மூட்டு திரும்பி வராது.

பொடி தீரும் சமயத்தில் இரண்டாம் மண்டலத்துக்கு 9,500 ரூபாய் என்றார்கள். “இது வீரியம் கூடினது” என்று காரணம். யோசிக்கிறேன் என்றதும் பேச்சின் குழைவு போய்விட்டது. “நிறுத்தினா முன்னைவிட மோசமா வரும், அப்புறம் எங்களைக் குறை சொல்லக் கூடாது.” பயமுறுத்தல் என்று நினைத்தேன். உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். பொடி தீர்ந்த அடுத்தடுத்த நாளில் வாந்தி, தலைசுற்றல், எழுந்து நின்றால் கண் இருட்டியது. வலியோ விரலில் இருந்து தோள், முழங்கால் வரை ஒரே நேரத்தில் திரும்பி வந்தது. வீட்டுக்காரர் காரில் போட்டு மதுரைக்குக் கொண்டுபோனார்.

அங்கே காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுத்து கார்ட்டிசோல் பார்த்தார்கள். நம் உடம்பில் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு அது. காலையில் அதிகமாக இருக்க வேண்டும். எனக்கு ரொம்பக் குறைவு. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும், வரத்து நின்றதும் உடனே விழித்துக்கொள்ளாது என்று டாக்டர் விளக்கினார். பொடியில் இன்னதுதான் கலந்தது என்று சொல்லும் ஆய்வக அறிக்கை என் கையில் இல்லை. டப்பாவை மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். ஆனால் நான் வேறு எந்த ஸ்டீராய்டும் எடுக்காதபோது கார்ட்டிசோல் அப்படி விழ வேறு காரணம் எதுவும் டாக்டருக்குத் தெரியவில்லை. இப்போது அவரே அளந்து ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருகிறார்.

அதனால், இதைப் படிப்பவர்களில் யாராவது இப்படி ஒரு பொடியைப் பல வாரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தயவுசெய்து படித்த கையோடு சாக்கடையில் கொட்டாதீர்கள். திடீரென்று நிறுத்துவது ஆபத்து. டப்பாவோடு உடனே டாக்டரிடம் போங்கள், சாப்பிட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். அவர் திட்டினால் திட்டட்டும்.

சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. அரசு ஆஸ்பத்திரிகளிலேயே சித்தப் பிரிவு இருக்கிறது, படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சீட்டு எழுதுவார்கள், பெயரும் பதிவு எண்ணும் இருக்கும். லைசென்ஸ் உள்ள சித்த மருந்தில் சரக்குப் பட்டியல், தயாரிப்பு உரிம எண், தொகுதி எண் எல்லாம் அச்சடித்திருக்கும். எங்கள் வீட்டில் இன்றும் முடக்கத்தான் தோசை உண்டு, பிரண்டைத் துவையலும் உண்டு. அவற்றால் நோய் தீரும் என்று நினைத்துச் சாப்பிடுவதில்லை, ருசிக்குச் சாப்பிடுகிறோம்.

விளம்பரமே சட்ட விரோதம் என்பது பலருக்குத் தெரியாது. 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய சிகிச்சைகள் சட்டத்தில், ‘குணப்படுத்துவோம்’ என்று விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியல் இருக்கிறது. வாத நோய் அதில் உண்டு. புகாருக்கு மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் போகலாம். பணம் சம்பந்தமாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். மருந்தால் வந்த பாதிப்பைப் பதிய 1800-180-3024. கூரியர் ரசீது, டப்பா, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழித்துவிடாதீர்கள். எனக்கு அந்த ரசீதுதான் ஒரே ஆதாரம், ஏனென்றால் பில் கேட்டபோது, “ஆசிரமத்துக்குக் காணிக்கைம்மா, பில் கிடையாது” என்று சொல்லிவிட்டார்கள்.

மெடிக்கல் கடையில் பெயரில்லாத நாலு கலர் மாத்திரையைப் பொட்டலம் கட்டி “மூட்டுவலிக்கு” என்று கொடுப்பார்களே, அதுவும் இதே கதைதான். பொடிக்குப் பதில் பொட்டலம், அவ்வளவு வித்தியாசம்.

வலி கிளம்பும் நாளில் வீட்டில் இப்போது என்ன செய்கிறேன் என்று கேட்டால், பெரிய வித்தை ஒன்றுமில்லை. காலை விறைப்புக்கு வெதுவெதுப்பான தண்ணீர்ப் பாத்திரத்தில் கையை வைத்து மெதுவாக மடக்கி நீட்டுகிறேன். மூட்டு சிவந்து சூடாக இருந்தால் வெந்நீர் வேண்டாம், ஐஸைத் துண்டில் சுற்றிப் பத்து நிமிடம். ராத்திரி மணிக்கட்டு அசையாமல் தாங்கும் பட்டை. எங்கள் அத்தை எண்ணெய் போட்டு அழுத்தி நீவி விட வருவார், வீங்கின மூட்டை யாரையும் நீவ விடுவதில்லை. குக்கரைத் தூக்குவதில்லை, சாதத்தை அடுப்படியிலேயே கரண்டியால் எடுத்துக்கொள்கிறோம். பால் பாக்கெட் வெட்டும் வேலையை மகன் எடுத்துக்கொண்டான். வலி கிளம்பினால் எந்த மாத்திரை, எவ்வளவு, எத்தனை நாள், எப்போது போன் செய்வது என்று டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். போன தேதியிலேயே இதைக் கேட்டு வாங்கியிருந்தால் அந்த வாட்ஸ்அப் நம்பருக்கு வேலையே இருந்திருக்காது. நீங்கள் கேட்டு வாங்குங்கள், அவர்களாக எழுதித் தருவது அபூர்வம். மெத்தோட்ரெக்சேட்டை வலிக்கிறதே என்று தினமும் போட்டுவிடாதீர்கள், அது வாரம் ஒருமுறைதான், தினமும் போனால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சலோடு ஒரே ஒரு மூட்டு மட்டும் கொதித்து வீங்கினால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. கிருமித் தொற்றாக இருக்கலாம்.

செலவுக்குப் பயந்து பொடிப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு: பொடி நாளுக்கு 100 ரூபாய். என் ஒரு மாத மாத்திரைச் செலவு, பொடியின் ஒரு வாரச் செலவைத் தொடாது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் மூட்டுவாதத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் முதலில் விசாரித்துப் பாருங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு அவர்கள் ஒரே பதில்தான் சொன்னார்கள். “மருந்து வேலை செஞ்சுச்சா இல்லையாம்மா? நீங்களே வாய்ஸ் அனுப்பினீங்களே.” அதோடு நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். போன வாரம் திருப்பூரில் இருக்கும் சித்தி ஒரு விளம்பரத்தை அனுப்பி, “இது உன் குரல் மாதிரி இருக்கே, வாங்கலாமா?” என்று கேட்டார். என் குரலேதான். பொடியின் பெயர் வேறு, டப்பா நிறம் வேறு, மேலே பெரிய எழுத்தில் ‘ஸ்டீராய்டு இல்லை’ என்று போட்டு, கீழே ‘திண்டுக்கல் சகோதரியின் அனுபவம்’ என்று அந்த வாய்ஸை ஓட்டுகிறார்கள். உங்களுக்கும் வந்தால், அது முதல் வாரத்தில் அனுப்பியது என்று தெரிந்துகொள்ளுங்கள். அனுப்பியவருக்கு இந்தப் பதிவைத் திருப்பி அனுப்புங்கள்.