ரிசீவரோடு சப்வூஃபர்: சில வருஷம் ஓட்டிய பிறகு

மதுரை திருநகர் வீட்டு ஹாலில் 5.1 ரிசீவரும் (ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் ஒலி அனுப்பும் கருவி) 10 அங்குல ஆக்டிவ் சப்வூஃபரும் (பேஸ் ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கர் பெட்டி) சில வருஷமாக ஓடுகின்றன. இதுவரை எதுவும் ரிப்பேருக்குப் போகவில்லை.

ஆக்டிவ் என்றால் பெட்டிக்குள்ளேயே ஆம்ப்ளிஃபையர் இருக்கும். ரிசீவரின் 'சப் அவுட்'டிலிருந்து பெட்டியில் பேஸ் சிக்னல் நுழையும் 'எல்எஃப்இ'க்கு ஒரே ஒரு ஆர்சிஏ வயர் (நடுவில் ஊசி, சுற்றி வளையம் உள்ள பிளக் வைத்தது), அவ்வளவுதான். டவுன்ஹால் ரோட்டில், இரைச்சல் புகாதபடி உலோக உறை போட்ட ஷீல்டு வயராகக் கேட்டு வாங்கினால் போதும். தங்கமுலாம் எல்லாம் வீண் செலவு. உள்ளே ஆம்ப்ளிஃபையர் இல்லாத பாசிவ் பெட்டிக்கு இது ஆகாது, அந்த அவுட்டில் வருவது வெறும் சிக்னல்தான். அதற்காக பாசிவ் பெட்டியை ஃப்ரண்ட் ஸ்பீக்கர் முனையிலேயே சேர்த்து முறுக்கினால், 8 ஓமும் 8 ஓமும் சேர்ந்து 4 ஓம் ஆகி ரிசீவர் கொதிக்கும்.

வயரைத் தொடும் முன் இரண்டு பிளக்கையும் உருவிவிடுங்கள். ஸ்டாண்ட்பை என்றால் ஆஃப் இல்லை. ஆர்சிஏவைச் செருகும்போது நடு ஊசிதான் முதலில் தொடும், வெளி வளையம் அப்புறம்தான். பெட்டி ஆனில் இருந்தால் அந்த இடைவெளியில் 'டர்ர்' என்று ஸ்பீக்கரின் கோன் (கூம்பு) துள்ளும்.

பெரிய தலைவலி இரைச்சல். பாட்டு நின்றாலும் 'ம்ம்ம்' நிற்காது. பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன், "எர்த் பின்னை எடுத்துருங்க தம்பி, சத்தம் நின்னுரும்" என்றார். நிற்கும்தான். ஆனால் உள்ளே லீக்கேஜ் வந்தால் பெட்டியின் பின்தகட்டைத் தொடுகிறவர் கதி? வேண்டாம் அண்ணே என்றுவிட்டேன். செட்டாப் பாக்ஸிலிருந்து கேபிள் டிவி வயரைக் கழற்றியதும் சட்டென்று அமைதி. கேபிளின் உறை ஒரு எர்த், சுவர் சாக்கெட் இன்னொரு எர்த். இரண்டுக்கும் நடுவே ஓடிய 50 ஹெர்ட்ஸ் கரண்டைத்தான் பெட்டி பாடிக்கொண்டிருந்தது. கேபிளில் அந்தக் கரண்டைத் தடுக்கும் ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் மாட்டியதோடு சரி.

கிராஸ்ஓவரை (எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற அளவு) ரிசீவரில் 80 ஹெர்ட்ஸ் வைத்து, பெட்டியின் கிராஸ்ஓவர் திருகைக் கடைசி வரை திருப்பிவிட்டேன். இரண்டு இடத்திலும் வடிகட்டினால் பேஸ் மெலியும். பெட்டியின் ஃபேஸ் சுவிட்சில் (சப்வூஃபரின் அலையை மற்ற ஸ்பீக்கரோடு ஒத்துப்போக வைப்பது) 0, 180 இரண்டையும் போட்டு, எதில் பேஸ் திடமாகக் கேட்கிறதோ அதில் விடலாம். மூலையில் வைத்தபோது பீரோ கண்ணாடி கடகடத்தது; இரண்டடி தள்ளியதும் நின்றது.

ஒரே குறை ஆட்டோ-ஆன், அதாவது சிக்னல் வந்தால் தானே விழித்து, இல்லாவிட்டால் தானே தூங்கும் வசதி. ராத்திரி சத்தம் குறைத்துப் பார்த்தால் படத்தின் நடுவிலேயே பெட்டி தூங்கிவிடும். அதனால் 'ஆன்' நிலையிலேயே வைத்து, சுவர் சுவிட்சில்தான் அணைக்கிறேன்: போடும்போது ரிசீவர் முதலில், அணைக்கும்போது சப்வூஃபர் முதலில்.