ஸ்ப்ரே பாட்டில் வாங்குவதற்கு முன் அதன் கழுத்தைப் பாருங்கள்

துடைக்க வைத்திருக்கும் ஸ்ப்ரே பாட்டில் கெட்டுப்போய்விட்டது என்று சொல்கிறோமே, பெரும்பாலும் பாட்டிலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கெட்டது மேலே இருக்கும் தலை. பாட்டிலின் வேலை திரவத்தைத் தாங்கி நிற்பது மட்டும்தான். தலைக்குள் ஒரு குட்டி பம்ப்பே இருக்கிறது. பிஸ்டன், அதைத் திரும்பத் தள்ளும் ஸ்பிரிங், உள்ளே வரும் வழிக்கு ஒரு வால்வு, வெளியே போகும் வழிக்கு ஒரு வால்வு, அடிவரை தொங்கும் குழாய், முனையில் நீரைச் சுழற்றித் தூவலாக்கும் நுண்ணிய பள்ளங்கள். இவற்றில் ஒன்று மக்கர் பண்ணினால் முழு பாட்டிலும் குப்பைக்குப் போகிறது. அதனால் கண்ணாடியா, பிளாஸ்டிக்கா என்பதெல்லாம் எனக்கு இரண்டாவது கேள்விதான். இந்தப் பாட்டிலுக்கு வேறு தலை பொருந்துமா என்பதே முதல் கேள்வி.

அதற்கு விடை கழுத்தில் இருக்கிறது. தனியாக விற்கும் பாட்டில்களில் 28/400, 28/410 என்ற இரண்டு அளவுகள் பரவலானவை. 28 என்பது கழுத்து மரையின் வெளிவிட்டம், மில்லிமீட்டரில். 400 என்றால் மரை ஏறக்குறைய ஒரு சுற்று, 410 என்றால் ஒன்றரைச் சுற்று. ஒன்றின் தலையை மற்றதில் திருகினால் ஏறுவது போலத்தான் தெரியும். ஆனால் கடைசிவரை இறுகாமல் நின்றுவிடலாம், சாய்த்ததும் கழுத்தோரம் கசியும். வாங்கும்போதே இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால் பின்னால் தலையை மட்டும் மாற்றுவது சுலபம்.

தீர்ந்துபோன பாட்டிலா, புது காலி பாட்டிலா?

கிளீனர் தீர்ந்ததும் மிஞ்சும் பாட்டில் கையிலேயே இருக்கிறது, தனியாக வாங்க வேண்டியதில்லை. அதன் தலையும் அந்தத் திரவத்துக்கென்றே தேர்ந்தெடுத்தது. அதே கிளீனரின் ரீஃபில் கிடைத்தால் இதைவிட நல்ல வழி கிடையாது. வேறு எதையாவது ஊற்ற நினைக்கும்போதுதான் சிக்கல். இந்தப் பாட்டில்களில் பலவற்றின் தலை மரையில் திருகுவதல்ல, ஒருமுறை அழுத்திப் பூட்டிவிட்டால் கழற்றவே வராத வகை. சிலவற்றின் கழுத்து அந்த நிறுவனத்துக்கே உரிய அளவு, வேறு தலை ஏறாது. இவற்றைவிடப் பெரிய ஆபத்து லேபிள். வெளியே ஒரு பெயரும் உள்ளே வேறு திரவமும் இருந்தால், வீட்டில் இன்னொருவர் அந்தப் பெயரை நம்பித்தான் எடுப்பார். பிளீச் இருந்த பாட்டிலில் மிச்சம் மீதி இருக்கும்போது வினிகரோ வேறு அமிலமோ ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரை ஊற்றினால் குளோரமின் என்ற வேறொரு நச்சு வாயு. ஆக, பழைய பாட்டிலில் பழைய திரவம் மட்டும். வேறு திரவத்துக்குப் புது பாட்டில், அதில் உள்ளே இருப்பதன் பெயரும் ஊற்றிய தேதியும்.

கண்ணாடி, பிளாஸ்டிக், அலுமினியம்

கண்ணாடி எந்த வீட்டு கிளீனரோடும் வம்புக்குப் போகாது. வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளாது, சுடுநீரில் கழுவலாம், எவ்வளவு மிச்சம் என்று பார்க்கலாம். பழுப்புக் கண்ணாடிக்கு இன்னொரு பயனும் உண்டு. ஹைட்ரஜன் பெராக்சைடு வெளிச்சம் பட்டால் தண்ணீரும் ஆக்சிஜனுமாகப் பிரிந்துவிடும், பழுப்பு நிறம் அதைத் தாமதப்படுத்தும். குறை என்ன என்று எல்லோருக்கும் தெரியும். சோப்புக் கை, டைல்ஸ் தரை. சிலிக்கான் உறை போட்டால் பிடி கிடைக்கும், விழுந்தால் உடையாது என்று உத்தரவாதம் இல்லை. குளியலறைக்குக் கண்ணாடியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

பிளாஸ்டிக் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 1 என்றால் பெட் (PET) என்ற பிளாஸ்டிக். பளிங்கு போல் தெளிவாக இருக்கும், எடையும் குறைவு. ஆனால் சுடுநீர் ஊற்றினால் சுருங்கிக் கோணிப்போகும், கடுமையான காரத்தையும் நெடுநாள் தாங்காது. 2 என்றால் எச்.டி.பி.இ., அதாவது பால் நிறத்தில், அழுத்தினால் கொஞ்சம் வளையும் அந்தச் சாதாரணப் பாட்டில். பார்க்க ஒன்றுமில்லை. அமிலம், காரம், பிளீச் என்று எதை ஊற்றினாலும் பேசாமல் நிற்கும், கீழே போட்டால் எடுத்து வைத்துக்கொள்ளலாம். பிளீச் திரவமே கடைக்கு வருவது பெரும்பாலும் இந்தப் பிளாஸ்டிக்கில்தான். இதன் பலவீனம் எண்ணெய் வகைகள். ஆரஞ்சுத் தோல் எண்ணெய் போன்றவை மெல்ல உள்ளே ஊறி, எத்தனை முறை கழுவினாலும் வாசனை விடாது. அந்த ஒன்றுக்கு மட்டும் கண்ணாடி. மற்ற எல்லாவற்றுக்கும் என் ஓட்டு எண் 2-க்கு.

அலுமினியம் படத்தில் நன்றாக இருக்கும். வினிகர், பிளீச், சலவைச் சோடா மூன்றுமே அதை அரிக்கும். உள்ளே பூச்சு இருக்கும்தான், அதில் ஒரு கீறல் விழுந்தால் வெளியிலிருந்து தெரியாது. வேண்டாம்.

எந்தத் தலை?

சாதாரண விசைத் தலை, அதாவது விரலால் இழுத்து அழுத்தும் டிரிக்கர் வகை, ஒரு அழுத்துக்குச் சுமார் 1 மில்லி தள்ளும். துளிகள் பெரிது, பட்ட இடத்தில் ஒட்டும். நுரைத் தலையில் முனைக்கு முன்னால் ஒரு சல்லடை இருக்கும். செங்குத்தான டைல்ஸில் திரவம் வழியாமல் நிற்க அது நல்லது, சல்லடை அடைத்துக்கொள்வதும் அங்கேதான். ஒருமுறை அழுத்தினால் சில நொடிகள் தொடர்ந்து பனி போலத் தூவும் தலைகள் இப்போது வருகின்றன. தலைமுடிக்கும் செடிக்கும் தண்ணீர் தெளிக்க அருமை, துடைப்பதற்கு அல்ல. நுண்ணிய துளி காற்றில் மிதக்கும், மிதப்பது மூக்குக்குள் போகும்.

பிளீச்சுக்கு என்றால் உலோக ஸ்பிரிங் இல்லாத, முழுக்கப் பிளாஸ்டிக்கால் ஆன தலையைத் தேடுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் பிளீச் காலப்போக்கில் அரித்துவிடும், அந்தத் துரு முனையில் வந்து நிற்கும்.

பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

எது அடைப்பு, எது தேய்மானம் என்று பிரித்துப் பார்த்தால் போதும். அடைப்பு என்றால் கழுவலாம், தேய்மானம் என்றால் மாற்றத்தான் வேண்டும்.

தூவல் ஒரு பக்கமாக வளைந்து போகிறதா? முனை மூடியைத் திருகிக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். நடுத் துளையைச் சுற்றிச் சுழலாக இரண்டு மூன்று பள்ளங்கள் இருக்கும். அவற்றில் ஒன்றில் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். அது உப்புத்தண்ணீர் விட்டுப்போன கால்சியம். இளஞ்சூடான வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்தால் வந்துவிடும். ஊசியால் குத்தாதீர்கள், துளை பெரிதானால் அப்புறம் தூவல் வராது, பீச்சல்தான் வரும். பிளீச் ஓடிய தலை என்றால் வினிகர் பக்கமே போகாமல் முதலில் வெறும் தண்ணீரை நிறைய அடித்துக் கழுவுங்கள்.

அழுத்த அழுத்தப் பாட்டில் உள்ளே ஒடுங்குகிறதா? திரவம் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே வர ஒரு சிறு வழி உண்டு, அது அடைத்திருக்கிறது. சுடுநீர் போதும். காற்று மட்டும் வருகிறதென்றால் குழாய் நழுவியிருக்கும், இல்லை கழுத்து வாஷர் எங்கேயோ விழுந்திருக்கும். கழுவும்போது வாஷர் சிங்க்கில் போய்விடுவது ரொம்பச் சாதாரணம்.

விசைக்குப் பின்னாலிருந்து கையில் சொட்டுகிறது என்றால் பிஸ்டனின் ரப்பர் விளிம்பு தேய்ந்துவிட்டது. அதோடு போராட வேண்டாம், தலையை மாற்றுங்கள். விசை அழுத்திய இடத்திலேயே நின்றுவிட்டால் ஒருமுறை வெந்நீர் அடித்துப் பார்க்கலாம், உள்ளே காய்ந்த சோப்பு இருக்கலாம். துரு தெரிந்தால் அந்தத் தலையையும் மாற்ற வேண்டியதுதான்.

தலை அடிக்கடி போகிறது என்று அலுத்துக்கொள்பவர்கள் தலையைவிடத் தாங்கள் கலக்கும் கலவையைப் பார்க்க வேண்டும். வினிகரையும் சோப்பையும் சேர்த்தால் சோப்பு திரிந்து வெள்ளைக் கட்டியாக மிதக்கும், அதுவே நேராக வால்வில் போய் உட்காரும். சமையல் சோடா கரைசல் முனையில் காய்ந்து பொடியாகும். அதோடு வினிகர் சேர்த்து மூடினால் வாயு உண்டாகிப் பாட்டில் உப்பும். பொடி எதுவாக இருந்தாலும் துணியில் போட்டுத் தேய்க்கலாம், ஸ்ப்ரேக்குள் வேண்டாம்.

இன்னொரு பழக்கம், பாதி தீர்ந்ததும் மேலேயே ஊற்றி நிரப்புவது. நீர்த்த சோப்புக் கரைசலில் கிருமி வளரும், கிருமிநாசினிகள் சிலவற்றிலும்கூட வளரும். பழையதைக் கொட்டி, சுடுநீர் தாங்கும் பாட்டில் என்றால் சுடுநீரில் கழுவி, காயவைத்துத்தான் நிரப்ப வேண்டும். தண்ணீர் கலந்த பிளீச்சை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், அதன் வீரியம் போய்விடும்.

தலையே வேண்டாம் என்றால்?

போட்டியில் யாரும் சேர்க்காத ஒன்று உண்டு. அழுத்தினால் பீச்சும் சாதாரண மூடிப் பாட்டில். ஸ்பிரிங் இல்லை, வால்வு இல்லை, கெடுவதற்கு அதில் ஏதுமே இல்லை. துணியில் ஊற்றித் துடைத்தால் காற்றிலும் ஒன்றும் மிதக்காது. நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், சுத்தம் செய்யும் ஸ்ப்ரேக்களை வாரம் ஒருமுறையாவது பயன்படுத்திய பெண்களுக்கு நுரையீரல் திறன் வேகமாகக் குறைவதோடு தொடர்பு தெரிந்தது. மேடை, அடுப்பு, மேசை எல்லாவற்றுக்கும் இதுவே போதும். எட்டாத டைல்ஸுக்கும் பெரிய கண்ணாடிகளுக்கும் மட்டும் ஒரு விசைத் தலை வைத்துக்கொள்ளலாம்.

அந்தத் தலையை மாற்றும் நாளில் புதுக் குழாய் பெரும்பாலும் நீளமாகத்தான் இருக்கும். பாட்டிலின் வெளியே வைத்து அளந்து, நுனியைச் சாய்வாக வெட்டுங்கள். நேராக வெட்டினால் அடியில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சாது. குழாய் இயல்பாகவே கொஞ்சம் வளைந்திருக்கும், அந்த வளைவு முனையின் பக்கம் பார்க்கட்டும். நாம் முன்னால் சாய்த்துத்தான் அடிப்போம், கடைசித் திரவம் அங்கேதான் சேரும். பழைய தலையைக் குப்பையில் போடுவதற்கு முன் அதன் வாஷரையும் முனை மூடியையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.