விளக்கை அணைத்த பிறகும் இறுகும் பசை

பழைய பைனாகுலர், கேமரா லென்ஸ் பழுதுபார்ப்பதுதான் தொழில். சென்னையில் சின்னக் கடை. இரண்டு கண்ணாடி சேர்த்து ஒட்டிய லென்ஸில், ஒட்டிய மரப்பிசினான கனடா பால்சம் விட்டுப்போனால் ஓரத்தில் வானவில் வளையம் தெரியும்; பிரித்து மறுபடி ஒட்ட வேண்டும். இத்தனை நாளும், புற ஊதா (யூவி) ஒளி பட்டால் இறுகும் அக்ரிலேட் பசைதான். பட்டென்று இறுகும், ஆனால் நன்றாகச் சுருங்கும். காற்றுப் படும் ஓரத்தில் பிசுபிசுப்பும் போகாது. அதனால்தான் போன கார்த்திகையில் கேட்டயானிக் எபாக்ஸி பசை ஒரு சிரிஞ்ச் வாங்கினேன், 10 கிராம். இதுவும் யூவி பசைதான், ஆனால் அமிலத்தால் இறுகும் வகை.

முதல் லென்ஸ் சொதப்பல். இரண்டு நிமிடம் விளக்குக் காட்டியும் கஞ்சி மாதிரியே இருந்தது. விற்றவரைக் கேட்டால், "விளக்குல பவர் பத்தலை சார்." அதெல்லாம் இல்லை. இந்தப் பசையில் உள்ள சல்போனியம் உப்பு, புற ஊதா ஒளி பட்டதும் கடும் அமிலமாக மாறும். அந்த அமிலம் எபாக்ஸி வளையத்தைத் திறந்துவிட, திறந்த வளையம் அடுத்ததைத் திறக்கும். அப்படியே சங்கிலி நீளும். நான் கண்ணாடியைத் துடைத்ததோ அம்மோனியா கலந்த கிளீனரால்! அமிலத்தை அது தின்றுவிட்டது. போதாததற்கு மழைக்கால ஈரம் வேறு. காற்றுக்கு அஞ்சாத பசை, காரத்துக்கும் ஈரத்துக்கும் அஞ்சும். கூட வந்த துண்டுச்சீட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. அதற்கே ஒரு நட்சத்திரம் குறைத்தேன்.

அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, ஏசி அறையில் உலரவிட்டு ஒட்டினேன். லென்ஸின் இரண்டு கண்ணாடியில் பிளின்ட் என்ற வகை யூவியை விழுங்கும் என்பதால், கிரவுன் என்ற மற்ற வகையின் பக்கமிருந்து 365 நானோமீட்டர் டார்ச், ஒரு நிமிடம். அப்போதும் ஜெல்லி பதம்தான். பிஸ்கட் டப்பாவில் வைத்து, மேலே குண்டு பல்பு எரியவிட்டு ராத்திரி தூங்கப் போய்விட்டேன். ஒளி நின்றாலும் அமிலம் சாகாது. இருட்டிலும் வேலை நடக்கும், சூடு இருந்தால் வேகமாக நடக்கும். காலையில் ஓரத்தில் நகம் இறங்கவில்லை. இரண்டு போலராய்டு தாளுக்கு நடுவே வைத்துப் பார்த்தேன். பசை சுருங்கிக் கண்ணாடியை இழுக்கும் அழுத்தம் அக்ரிலேட்டில் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும், இதில் கண்ணுக்குப் படவேயில்லை.

குறை? கனடா பால்சத்தைச் சூடு காட்டிப் பிரிக்கலாம், இதை அப்படிப் பிரிக்க முடியாது. மையம் தவறினால் லென்ஸ் போச்சு. மிச்ச அமிலம் செம்பை அரிக்கலாம் என்பதால் சர்க்யூட் போர்டு பக்கம் கொண்டுபோக மாட்டேன். "ஒரு மணி நேரத்தில் வேணும்" என்று நிற்கும் வாடிக்கையாளருக்கு இன்னமும் பழைய அக்ரிலேட் பசைதான்.