பிஆர்2 டேட்டாபேஸ்: மூணு மாசம் கூடவே குடித்தனம் பண்ணினதுல தோணினது

குளத்துத் தண்ணியில இருக்குற ஒத்தை செல் உயிரிங்களைப் பிடிச்சு 18எஸ் ஜீனை (செல்லுல புரோட்டீன் தயாரிக்கிற ரைபோசோமோட ஒரு பகுதிக்கான ஜீன்) சீக்வென்ஸ் பண்ணி, அதாவது அதோட டிஎன்ஏ எழுத்துங்களைப் படிச்சு, யாருக்கு யாரு சொந்தம்னு பாக்குறதுதான் என் ப்ராஜெக்ட். அதுக்குத்தான் இந்த பிஆர்2, இந்த மாதிரி உயிரிங்களோட 18எஸ் சீக்வென்ஸை வம்சாவளியோட தொகுத்து வச்சிருக்குற டேட்டாபேஸ். ஃப்ரீ, ஃபைலை இறக்கினோமா வேலையைப் பாத்தோமான்னு இருக்கும்.

முதல்ல நானும் எல்லாரையும் மாதிரி என்சிபிஐ பிளாஸ்ட்லதான் (அமெரிக்க அரசோட ஜீன் தொகுப்புல ஒத்துப்போற சீக்வென்ஸைத் தேடித் தர்ற ஆன்லைன் டூல்) போட்டேன். வந்ததுல பாதி "அன்கல்சர்டு யூகேரியோட்", அதாவது லேப்ல வளக்காத, செல்லுல நியூக்ளியஸ் இருக்குற ஏதோ ஒரு உயிரி. கல்யாண வீட்ல ஒருத்தரைக் காட்டி இவர் யாருன்னு கேட்டா "நம்ம சொந்தம்தான்"னு சொல்லிட்டுப் போவாங்கல்ல, அந்த மாதிரி. பிஆர்2 ஃபைலை சிஸ்டத்துல வச்சு அதையே தேடினா டொமைன்ல இருந்து ஸ்பீசிஸ் வரைக்கும் 9 படி (5வது வெர்ஷனுக்கு முன்னாடி 8) முழு வம்சாவளியும் வருது. எனக்குக் கிடைச்ச வார்ட்டிசெல்லாங்கிற ஒத்தை செல் உயிரிக்கு ஆல்வியோலேட்டாங்கிற பெரிய குரூப், அதுக்குள்ள சிலியோஃபோரான்னு இறங்கிச்சு. மலேரியா கிருமியும் அதே ஆல்வியோலேட்டாதான், பங்காளி முறை!

அப்புறம் அந்த ரெஃபரன்ஸ் சீக்வென்ஸுங்களோட என்னோடதையும் சேத்து மாஃப்ட்ங்கிற சாஃப்ட்வேர்ல அலைன் பண்ணி (எழுத்துக்கு எழுத்து வரிசையா பொருத்தி), ஐக்யூ-ட்ரீங்கிற இன்னொண்ணுல வம்சாவளி மரம் போட்டா ஒரு சாம்பிள் மட்டும் ஒட்டடைக்குச்சி கணக்கா தனியா நீட்டிக்கிட்டு நிக்குது, புது ஸ்பீசிஸ்தான்னு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. காலையில பாத்தா ரிவர்ஸ் பிரைமர் ரீடை (ஜீனை எதிர்முனையில இருந்து படிச்ச சீக்வென்ஸை) திருப்பாம அப்படியே வச்சிருக்கேன். மாஃப்ட்லயே தானா திருப்பிக்கிற ஆப்ஷன் இருக்காம். சரி விடுங்க.

ஆனா ஒண்ணு, 18எஸ் ஒரே ஜீன்தான், சுமார் 1800 எழுத்து. ஜீனஸ், குடும்பம் லெவலுக்கு ஓகே, அடிமரத்துக்கு (பெரிய குரூப்புங்க பிரிஞ்ச பழைய கிளைங்களுக்கு) அதை நம்பி உக்காந்தா கவுத்துரும். மைக்ரோஸ்போரிடியா (மத்த உயிரிங்களோட செல்லுக்குள்ள வாழுற ஒட்டுண்ணி) கதை அதான். அதோட ஜீன் தாறுமாறா வேகமா மாறினதால கிளை நீளமாயி, மத்த நீளக் கிளைங்க பக்கம் இழுத்துக்கிச்சு, ரொம்பப் பழைய உயிரின்னு வேர்கிட்ட நிக்க வச்சுட்டாங்க. 90கள்ல டியூபுலின், ஆர்பிபி1 மாதிரி புரோட்டீன் ஜீனுங்களைப் பாத்தப்புறம்தான் அது காளான் வீட்டுப் பிள்ளைன்னு புரிஞ்சுது. 2018ல கனடாவுல டல்ஹவுசி யுனிவர்சிட்டி டீம் ஹெமிமாஸ்டிகோஃபோராங்கிற அபூர்வமான ஒத்தை செல் உயிரி குரூப்பை மரத்துல எங்க வைக்கிறதுன்னு பாக்க ஒரு ஜீனோட நிக்கல, 351 ஜீன் எடுத்தாங்க. நோவா ஸ்கோஷியாவுல நடக்கப் போன பாதையில அள்ளின மண்ணுல கிடைச்சது அது, கடைசியில எந்தப் பெரிய குரூப்புலயும் சேராம தனிக் கிளையாவே நின்னுச்சு. பிஆர்2 மட்டும் வச்சுக்கிட்டு அந்த மாதிரி கேள்விக்குப் போகாதீங்க, அது இதோட தப்பும் இல்ல.

குறைன்னா வெர்ஷன் மாறினா குரூப் பேரும் படியும் மாறிடும். ஸ்டார் 5க்கு 4. எந்த வெர்ஷன்னு முதல் நாளே நோட்ல எழுதி வச்சுக்கோங்க, நான் எழுதல, அதான் இப்ப மொத்த சாம்பிளையும் முதல்ல இருந்து ஓட்டிக்கிட்டு இருக்கேன்.