டியூனிக்கா, அனிமல் வெல்லா? மேப் இல்லாம சுத்தப் புடிக்கிறவங்களுக்கு எது

இந்த கத்திரி வெயில்ல மத்தியானம் வேலூர்ல வெளிய தல காட்ட முடியல, அதனால நானும் எங்க சித்தப்பா பையனும் (எனக்கு தம்பி) பொழுதன்னிக்கும் வீடியோ கேம்தான். நான் டியூனிக், அவன் அனிமல் வெல். அப்பறம் மாத்திகினு ஆடினோம், ரெண்டையும் முடிச்சோம், எது ஒசத்தின்னு ரெண்டு மாசமா பேசிகினே இருக்கோம். ரெண்டுமே பெரும்பாலும் தனி ஆளுங்க வருஷக்கணக்கா உக்காந்து பண்ண சின்ன கேம், ரெண்டுமே பழைய தேடல் கேமுங்க மேல இருக்கற பாசத்துல பொறந்தது, ஆனா ஆடிப் பாத்தா ரெண்டுக்கும் குணம் வேற வேற.

பழைய கேம்னு சொல்றது 1986ல ஜப்பான்ல வந்த செல்டா. அத பண்ண மியாமோட்டோ சின்ன வயசுல கியோட்டோ பக்கத்துல சோனோபேன்ற ஊர்ல காடு, குகைன்னு சுத்துன நெனப்பதான் கேமா பண்ணாரு. சத்துவாச்சாரி மலையில லீவு நாள்ல ஏறி எறங்குன பசங்களுக்கு அது நல்லாவே புரியும். அந்த கேம்ல உன்ன நடுக்காட்டுல வுட்டுட்டு ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, எதிர்ல ஒரு குகை இருக்கும், உள்ள போனா ஒரு கெழவரு கத்தி குடுப்பாரு, அவ்ளோதான். மீதிய ரெண்டு எடத்துலேர்ந்து தெரிஞ்சிக்கணும், ஒண்ணு பொட்டிக்குள்ள வர்ற புக்கு, இன்னொண்ணு கூட படிக்கிற பசங்க. என் கணக்குல அந்த புக்க டியூனிக் எடுத்துகிச்சு, அந்த பசங்கள அனிமல் வெல் எடுத்துகிச்சு.

டியூனிக் 2022 மார்ச்ல வந்தது. ஆண்ட்ரூ ஷோல்டைஸ்னு கனடாக்காரர், ஏழு வருஷம் போட்டு பண்ணாரு. ஒரு குட்டி நரி கடற்கரையில கண்ணு முழிக்குது, அங்கேர்ந்து ஆரம்பம். கேம் பூரா அங்கங்க காகிதம் கெடக்கும், அதெல்லாம் இந்த கேமோட மேனுவல் பக்கங்கதான், ஒவ்வொண்ணா பொறுக்கி சேக்கணும். பக்கத்த தொறந்தா உனக்கு முன்னாடி யாரோ வச்சிருந்த பழைய புக்கு மாதிரி பேனா கிறுக்கல், கறை எல்லாம் இருக்கும். ஆனா எழுத்து மட்டும் படிக்க வராது, நடு நடுவுல நாலு வார்த்த இங்கிலீஷ்ல இருக்கும், மீதி எல்லாம் என்னமோ ஒரு பாஷ.

இது எனக்கு புதுசே இல்ல. சின்ன வயசுல நம்ம பஸ் ஸ்டாண்டுல சித்தூர், திருப்பதி பஸ்ஸுங்க போர்டு தெலுங்குல இருக்கும், படிக்க தெரியாது, எழுத்தோட வளைவ பாத்தே இது சித்தூருன்னு கண்டுபுடிச்சி தாத்தா கைய இஸ்துகினு ஓடுவேன். டியூனிக் ஆடும்போது அதே மாதிரிதான் மூள வேல செய்யுது. படத்த பாத்து, அம்புக்குறிய பாத்து, "ஓ, இந்த பொருள இந்த சிலைகிட்ட குடுத்தா பலம் ஏறுது"ன்னு புரியற அந்த நிமிஷம் இருக்கே, அதுக்குதான் நான் இந்த கேமுக்கு காசு குடுத்தேன்னு சொல்லுவேன். அந்த வேலைய முன்னாடியே பண்ணியிருக்கலாம், யாரும் தடுக்கல, உனக்குதான் தெரியல. வழியும் அப்படித்தான். கேமரா ஒரே கோணத்துல இருக்கறதால செவுத்துக்கு பின்னாடி மொதல்லேர்ந்தே ஒரு சந்து இருந்திருக்கும், நீ பத்து வாட்டி அது முன்னாடியே நடந்திருப்ப.

அந்த எழுத்த பத்தி ஒண்ணு சொல்லணும், தானா கண்டுபுடிக்கணும்னு நெனக்கிறவங்க இந்த பத்திய தாண்டிடுங்க. அது சும்மா கிறுக்கினது இல்ல, இங்கிலீஷ் சத்தத்த வச்சி கட்டுனது, மெய்க்கு ஒரு கோடு கூட்டம், உயிருக்கு ஒரு கோடு கூட்டம், ரெண்டும் சேந்து ஒரே எழுத்தா நிக்கும். நம்ம உயிர்மெய் எழுத்தேதான்! ஒரு எழுத்துக்கு ஒரு சத்தம்னு பழகுனவங்க இங்க தடுமாறுவாங்க, க கா கின்னு ஒண்ணாங்கிளாஸ்ல எழுதி பழகுன நமக்கு டக்குனு புடிபடும். நான் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் நோட்டுல கட்டம் போட்டு எழுதிகினு இருந்தேன், தம்பி வந்து "இன்னாணா, இன்னும் அந்த பாஷைய படிச்சிகினு கீற"ன்னு கேட்டான். கேம் முடிக்க இது தேவையே இல்ல, ஆனா எனக்கு கேம்ல புடிச்சதே இதுதான்.

இப்ப அனிமல் வெல். இது 2024 மே 9ஆம் தேதி வந்தது. பில்லி பாஸோன்னு ஒருத்தர், இவரும் ஏழு வருஷம், கேம ஓட்டற அடிப்படை புரோகிராம், அதான் இஞ்சின், அதையே சொந்தமா எழுதியிருக்காரு. மொத்த சைஸ் 40 எம்பி கூட இல்ல, வாட்ஸப்ல வர்ற கல்யாண வீடியோ இத விட பெருசு. இதுல நீ ஒரு சின்ன உருண்ட, இருட்டான கெணறு மாதிரி ஒரு எடம், பக்கவாட்டுல தெரியற ரூமு ரூமா போய்கினே இருக்கணும். ஒரு வார்த்த கத சொல்ல மாட்டான். கத்தி கெடையாது. கெடைக்கிறதெல்லாம் வெளாட்டு சாமான், சோப்பு நொர ஊதற குச்சி, யோயோ, வட்டமா வீசற தட்டு, பம்பரம், பட்டாசு. நொரைய ஊதி அது மேல ஏறி நின்னு ஒசர போலாம், பட்டாசு கொளுத்தி பேய வெரட்டலாம். ஒவ்வொரு சாமானுக்கும் ரெண்டு மூணு உபயோகம் இருக்கும், அத யாரும் சொல்லித்தர மாட்டாங்க, வெளாடி வெளாடி நீயே கண்டுபுடிக்கணும். சேவ் பண்றதுக்கு பழைய டெலிபோன் வச்சிருப்பான், எங்களுக்கு ஊட்ல கரண்ட் போற நேரம் வேற, அதனால போன பாத்தா மொத வேலையா எடுத்துடுவோம்.

நாலு சுடர் சேத்தா ஒரு முடிவு வந்துடும், எங்களுக்கு எட்டு மணி நேரத்துல வந்தது. அதுக்கு கீழதான் அசல் ஆட்டமே, 64 முட்ட ஒளிச்சி வச்சிருக்கான், அதுக்கும் கீழ இன்னொரு அடுக்கு இருக்கு, அதுல ஒரு புதிர் தனியா ஒருத்தரால முடிக்கவே முடியாது, ஒவ்வொருத்தரும் கெடச்ச துண்ட கொண்டாந்து ஒண்ணு சேக்கணும். ஸ்கூல்ல இன்டர்வல்ல "டேய், அந்த செவுத்த குத்தி பாத்தியா"ன்னு பேசிப்போமே, அந்த பேச்சயே கேமுக்குள்ள கட்டி வச்சிருக்காரு. தம்பிக்கு இதுதான் உசுரு. அவன் ஹாஸ்டல் பசங்க நாலு பேரு ஒரே நோட்டுல முட்ட முட்டையா கணக்கு எழுதிகினு இருக்கானுங்க.

எனக்கு இதே எடம்தான் கொற. நான் வேலைக்கு போயிட்டு வந்து ராத்திரி ஒரு மணி நேரம் தனியா ஆடறவன், எனக்கு அந்த கடைசி அடுக்கு பூட்டுன வீடு மாதிரி. அடுத்தவங்க கண்டுபுடிச்சத பாத்து செஞ்சா நானே தேடுன சந்தோஷம் வராது. டியூனிக்ல கெட்ட முடிவு நல்ல முடிவு ரெண்டுக்குமே தேவையானது பூரா உன் கையில இருக்கற அந்த புக்குலயே இருக்கு, பொறும இருந்தா தனியாவே முடிச்சிடலாம்.

சண்டைன்னு வந்தா கத வேற. டியூனிக் பாக்க கொழந்த பொம்ம மாதிரி இருக்கும், ஆனா பாஸுங்க, அதான் பெரிய எதிரிங்க, நல்லா அடிப்பானுங்க, கவசம் புடிச்சி உருண்டு தப்பிச்சி பழகணும், அவசரப்பட்டா மூச்சு தீந்து நரி தள்ளாடும். கை வேகம் இல்லாதவங்க செட்டிங்ல போய் சாகாத மாதிரி வச்சிக்கலாம், அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல, எங்க அக்கா அப்படித்தான் முடிச்சா. அனிமல் வெல்ல அடிதடி இல்லன்னாலும் தொரத்தற எடங்க இருக்கு, அந்த இருட்டுல பேய் மொகம் கொஞ்சம் பயமாவே இருக்கும், தாவற டைமிங் தப்புனா திரும்ப மொதல்லேர்ந்து.

சிஸ்டம் பழசுன்னா யோசிக்காம அனிமல் வெல், தம்பியோட காலேஜ் லேப்டாப்ல கிராபிக்ஸ் கார்டு இல்லாமலே வழுக்கிகினு ஓடுது, மொபைல் டேட்டாவுல ரெண்டு நிமிஷத்துல எறங்கிடும். டியூனிக்குக்கு கொஞ்சம் கிராபிக்ஸ் வேணும், கண்ட்ரோலரும் இருந்தா நல்லது.

அவுட்டர் வைல்ட்ஸ், ஹாலோ நைட்னு இன்னும் ரெண்டு கேம் இருக்கே, அதுங்க இந்த வரிசையில வராதான்னு கேப்பீங்க. வரும். அவுட்டர் வைல்ட்ஸ் 2019, 22 நிமிஷத்துல ஒலகமே அழிஞ்சி திரும்ப ஆரம்பிக்கும், அத பத்தி தனியா எழுதணும். ஹாலோ நைட்ல மேப்ப காசு குடுத்து வாங்கணும், பெஞ்சுல உக்காந்தாதான் அது நெரம்பும், அழகான கேம், ஆனா அதுல பாதி நேரம் சண்டதான், தேடறது ரெண்டாம் பட்சம்.

தனியா ஆடறவங்க டியூனிக் வாங்குங்க. கூட நாலு பேரு இருக்காங்க, இல்ல லேப்டாப் பழசுன்னா அனிமல் வெல். எத வாங்குனாலும் முடிக்கற வரைக்கும் யூடியூப் பக்கம் போகாதீங்க, கோடு போடாத நோட்டு ஒண்ணு பக்கத்துல வச்சிக்கோங்க. தம்பிக்கு இன்னும் மூணு முட்ட கெடைக்கல, எனக்கு அதுல ஒண்ணு எங்க இருக்குன்னு தெரியும், "சொல்லாதணா"ன்னு சத்தியம் வாங்கிகினு இருக்கான்.