‘பிகம் ஓஷன்’ இசைத்தட்டு: கேட்டவர்கள் ஏன் இரு பிரிவானார்கள்?

அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் லூதர் ஆடம்ஸ் சியாட்டில் சிம்பொனி இசைக்குழுவுக்காக எழுதிய ‘பிகம் ஓஷன்’, 2013இல் லுடோவிக் மோர்லோ நடத்த அரங்கேறி, மறு ஆண்டு இசைக்கான புலிட்சர் பரிசைப் பெற்றது. அதே குழு வாசித்த ஒலிப்பதிவை 2014இல் கேன்டலூப் நிறுவனம் வெளியிட்டது. அந்த ஒலிப்பதிவுக்காகக் குழுவைப் பாராட்டிப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் 50,000 டாலர் நன்கொடை அளித்தார். எனினும் இதில் மெட்டே இல்லை, நாற்பது நிமிடங்களுக்கும் மேலாக ஒன்றுமே நிகழவில்லை என்று சலித்துக்கொள்வோரும் உண்டு.

அந்தச் சலிப்பு புரியக்கூடியதே. ஆனால் நிகழ்வது நிறைய. புல்லாங்குழல் போன்ற மரக்காற்றுக் கருவிகள், டிரம்பெட் போன்ற ஊதும் பித்தளைக் கருவிகள், வயலின் போன்ற தந்திக் கருவிகள் என இசைக்குழு மூன்று அணிகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தனக்குரிய கால அளவில் எழுந்து தணிகின்றன. அவை மூன்றும் ஒருசேர உச்சம் தொடும் தருணங்கள் மூன்றே. பாதி வழியில் இசை அப்படியே பின்னோக்கித் திரும்புகிறது, காதுக்கு அது தெரிவதில்லை என்பதே எனக்குப் பெரும் வியப்பு. ஹார்ப் என்னும் பெரிய நரம்புக் கருவியின் நுண்ணிய அலைவுகளுக்கு அடியிலிருந்து பித்தளைக் கருவிகள் மெல்லத் திரண்டு வரும்போது, ஒலி எங்கே தொடங்கியது என்றே சொல்ல முடியாது.

கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் இதைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது, ஏனெனில் அடிநாதம் முழுவதும் அதில் தொலைந்துவிடும். நல்ல ஹெட்போனோடு, இடைநிறுத்தாமல் ஒரே மூச்சில் கேளுங்கள்.